பெரட்டில் நிற்காத ஆளுக்கு வேலை: மின்படிவத்தில் ஆள் ஒதுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, சட்டென்று முடிந்துவிடும். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கப்பிள்ளை ஒரு பார்வை பார்ப்பார், செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறிப்பார், இந்த ஆட்கள் ஏழாம் நம்பர் மலைக்கு, அந்த நாலு பேர் கவ்வாத்துக்கு (செடி வெட்டிவிட) என்று பிரித்துவிடுவார். ஆளைப் பார்த்த பிறகுதான் வேலை பிரியும். மின்படிவ மென்பொருள்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முதலில் வேலையை ஒரு பெயருக்கு எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் இன்று இருக்கிறாரா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்ட ஒஃபிஸ்களுக்கு இப்படிப் படிவங்கள் செய்துகொடுப்பது என் பிழைப்பு. லயக் காம்பரா (தொழிலாளர் வரிசை வீடு) கூரை திருத்தம், லீவு, முற்பணம், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) விண்ணப்பம், இவைதான் அடிக்கடி வருபவை. படிவத்தை வரைவது அரை நாள் வேலை. "அடுத்த கட்டம் யாருக்குப் போக வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை தேடுவதில்தான் மீதி நாட்கள் போகும். 2005இல் நிக் ரஸ்ஸல், வில் வான் டெர் ஆல்ஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் இந்த ஒரு கேள்வியையே ஆராய்ந்து, வேலையை ஆளிடம் சேர்ப்பதில் 43 வடிவங்கள் இருப்பதாகப் பட்டியலிட்டார்கள். நமக்கு அத்தனையும் வேண்டாம். நான் கையால் செய்துபார்த்தவற்றை மட்டும் ஒப்பிடுகிறேன். கீழே வரும் லேசர்ஃபிஷ் ஃபார்ம்ஸ், கமுண்டா, பவர் ஆட்டோமேட், புரோசஸ்மேக்கர், ஜோகெட் எல்லாம் வேலையைக் கட்டம் கட்டமாக ஆளுக்கு ஆள் நகர்த்தும் மென்பொருள்கள்.

நேரே பெயரை எழுதிவிடும் முறையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூன்று பேர் இருக்கிற ஒஃபிஸுக்கு அதுவே போதும். அதற்கு மேலே போனால், ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் உங்களுக்கு போன் வரும்.

அடுத்தது குழு. லேசர்ஃபிஷ் ஃபார்ம்ஸில் டீம், டீமுக்குள் ரோல் என்று உண்டு. கமுண்டாவில் 'இந்தக் குழுவில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்று எழுதிவிடலாம், ஒருவர் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டதும் வேலை அவருடையதாகிவிடும். பவர் ஆட்டோமேட்டில் பல ஈமெயில் முகவரிகளை அரைப்புள்ளியிட்டு வரிசையாக எழுதி, முதலில் பதில் சொல்பவரின் முடிவே முடிவு என்று வைக்கலாம். ஒருவர் லீவில் போனாலும் வேலை நிற்காது என்பது இதன் பலம். ஆனால் எல்லாருக்கும் சொன்ன வேலை யாருக்கும் சொல்லாத வேலைதான். "அவர் பார்ப்பார் என்று நினைத்தேன்" என்ற வசனத்தை நான் கேட்டதெல்லாம் குழு முறையில் மட்டுமே. அதோடு, ஒரு டிவிஷனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு) ஒரே ஒரு வெளிக்கள உத்தியோகத்தர்தான் இருக்கிறார் என்றால் குழு எங்கே இருக்கிறது?

சுழற்சி முறை பார்க்க நியாயமாகத் தெரியும். புரோசஸ்மேக்கரில் ஒரு கட்டத்துக்குப் பலரைப் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவருக்காகக் கொடுக்கச் சொல்லலாம். ஒரே மாதிரி வேலை செய்கிற நாலு எழுதுவினைஞர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஈபிஎஃப் விண்ணப்பம் போன்றவற்றுக்கு, இதைவிட நல்லது இல்லை. அங்கே யார் செய்தாலும் ஒன்றுதான். ஆனால் வெறும் சுழற்சி லீவைப் பார்க்காது. தலதீபாவளிக்கு ஊருக்குப் போனவரின் பங்கும் அவர் பெயரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். 'யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவருக்கு' என்ற முறை இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலி. போனவரிடம் வேலை தேங்கத் தொடங்கியதும் தானாகவே அவரைத் தவிர்த்துவிடும். தேங்கியது தேங்கியதுதான், அது வேறு கதை. வேகமாக முடிப்பவர் தலையில்தான் மேலும் மேலும் விழும் என்ற குறையையும் சொல்லிவிட வேண்டும். இது மென்பொருள் வருமுன்பே எல்லா ஒஃபிஸிலும் இருந்த வழக்கம்தான்.

மேலதிகாரி வழி இன்னொன்று. விண்ணப்பித்தவரின் மேலாளர் யார் என்று கணக்கு விவரத்திலிருந்து பார்த்து அவருக்கே அனுப்புவது. ஜோகெட்டில் விண்ணப்பித்தவரின் பிரிவுத் தலைவருக்கு என்று ஒரு தேர்வு இருக்கிறது. பவர் ஆட்டோமேட்டில் மேலாளரைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கட்டளை உண்டு, ஆனால் அந்தக் கணக்கில் மேலாளர் பெயர் காலியாக இருந்தால் அந்த இடத்திலேயே பிழை வந்து நின்றுவிடும். ஒஃபிஸ் ஊழியர்களின் லீவு விண்ணப்பத்துக்கு இது கச்சிதம். தோட்டத்தில் ஆயிரம் பேருக்கு ஈமெயில் கணக்கே கிடையாது. கொழுந்து எடுக்கிற அம்மாவுக்காக யாரோ ஒரு கிளாக்கர் படிவத்தை நிரப்புகிறார். மென்பொருள் கிளாக்கரின் மேலாளரைத் தேடும், அந்த அம்மாவின் டிவிஷனைத் தேடாது.

இனி, நான் அதிகம் பயன்படுத்துகிற முறைக்கு வருகிறேன். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, படிவத்தில் தெரிவு செய்த டிவிஷனைப் பார்த்து அதற்குரிய ஆளின் பெயரை எடுப்பது. பெயர் ஒரு மாறியில் (variable) உட்காரும், அடுத்த கட்டம் அந்த மாறியில் இருப்பவருக்குப் போகும். லேசர்ஃபிஷ், கமுண்டா, ஜோகெட், புரோசஸ்மேக்கர் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இந்த வசதி இருக்கிறது. வித்தியாசங்கள் நுணுக்கத்தில்தான். புரோசஸ்மேக்கர் 3க்கு வேண்டியது பயனர் பெயரல்ல, உள்ளே அது வைத்திருக்கும் 32 எழுத்து அடையாளம். கமுண்டா 7இன் எஞ்சினோ நீங்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அப்படி ஒரு பயனர் இருக்கிறாரா என்று சரிபார்க்காது. ஓர் எழுத்து பிழைத்தால் வேலை இல்லாத ஒருவரின் மேசையில் அமைதியாகப் படுத்திருக்கும்.

நம் எழுத்துக்கே உரிய பொறியும் ஒன்று உண்டு. 'தொழிற்சாலை டிவிஷன்' என்று பட்டியலில் இருக்கிறது, படிவத்திலும் அதே சொல்தான். ஆனாலும் பொருந்தவில்லை. ஒரு முழுப் பிற்பகலைத் தின்றது அது. காரணம், 'தொ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக அடுத்தடுத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அன்றிலிருந்து டிவிஷன் பெயரைத் திரையில் காட்டுவேன், ஒப்பிடுவதற்கு மட்டும் 01, 02 என்று எண்களை வைப்பேன்.

ஆனாலும் இந்த முறையில் நான் வாங்கிய பெரிய அடி எழுத்தால் வந்ததல்ல, நேரத்தால் வந்தது. ஒரு தோட்டத்தில் கூரைத் திருத்தப் படிவம் செய்துகொடுத்தேன். நலன்புரி உத்தியோகத்தர் பார்ப்பார், பிறகு டிவிஷனின் வெளிக்கள உத்தியோகத்தர், அப்புறம் சின்ன துரை (உதவி முகாமையாளர்), கடைசியில் ஸ்டோரில் தகரம். படிவத்தை அனுப்புகிற நிமிடத்திலேயே நாலு பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஜூன் மாதம், மழை பிடித்துவிட்டது. ஒரு காம்பரா விண்ணப்பம் முதல் கட்டத்தில் இருக்கும்போதே வெளிக்கள உத்தியோகத்தர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பட்டியலைக் கிளாக்கர் அன்றைக்கே திருத்திவிட்டார். ஆனால் படிவத்துக்குள் பழைய பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மாறிப் போனவரின் கணக்கு உயிரோடுதான் இருந்தது, அதனால் பிழைச் செய்தியும் வரவில்லை. 19 நாள். அந்த வீட்டில் அடுப்படிக்கு நேர் மேலே ஒழுகியது, பிளாஸ்டிக் வாளி வைத்துச் சமைத்தார்கள்.

பெரிய கிளாக்கர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, பெரட்டில நிக்காத ஆளுக்கு மலை குடுத்தா கொழுந்து யாரு எடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். பெயரைப் படிவம் அனுப்பும்போது எடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக முன்னால், அந்த நேரத்துப் பட்டியலிலிருந்து எடுக்கிறேன். பட்டியலிலும் ஆளின் பெயரை டிவிஷனோடு நேரடியாகக் கட்டுவதில்லை. டிவிஷனுக்குப் பதவி, பதவிக்கு ஆள், பக்கத்தில் 'பதில் கடமை' (அவர் இல்லாதபோது பார்ப்பவர்) என்று ஒரு நிரல், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று இரண்டு நிரல். பதில் கடமை நிரலில் பெயர் இருந்து திகதியும் பொருந்தினால் அவருக்குப் போகும், இல்லாவிட்டால் நிரந்தர ஆளுக்கு. இரண்டும் காலியென்றால் ஒஃபிஸ் குழுவுக்குப் போய்விழும். குழு முறையைப் பற்றி மேலே குறை சொன்னேன், ஆனால் கடைசி வலையாக அது அருமையானது. இன்னொரு சின்னச் சோதனையும் வேண்டும்: வெளிக்கள உத்தியோகத்தர் தன் குவாட்டர்ஸுக்கே விண்ணப்பித்தால் பட்டியல் அவர் பெயரையே திருப்பித் தரும். அப்போது வேலை நேரே சின்ன துரைக்குப் போக வேண்டும்.

இதற்குப் போட்டி என்று நான் மதிப்பது ஒன்றைத்தான்: முந்தைய கட்டத்தில் இருப்பவரே அடுத்த ஆளைப் பட்டியலிலிருந்து தொட்டுத் தெரிவு செய்வது. இது அசல் கணக்கப்பிள்ளை முறை. யாருக்குக் காய்ச்சல், யார் கொழும்புக்குப் போயிருக்கிறார் என்பதெல்லாம் எந்தப் பட்டியலுக்கும் முன்னால் கிளாக்கருக்குத் தெரியும். சிறிய தோட்டத்தில் என் பட்டியலை இது சுலபமாகத் தோற்கடிக்கும். ஆனால் கொழுந்து எடுக்க நல்ல நிரை வேண்டியவர்களுக்கு, கல்லும் சரிவும் மற்றவர்களுக்கு என்ற பழைய முணுமுணுப்பும் கூடவே வரும். கிளாக்கரே லீவு என்றால் எல்லாம் நிற்கும். நாலைந்து டிவிஷனுக்கு மேல் போனால் நான் இதை வைப்பதில்லை.

பவர் ஆட்டோமேட்டில் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் ஓட்டம் 30 நாளுக்கு மேல் காத்திருக்காது, பதில் வராத அனுமதி அதோடு காலாவதி. கூரை வேலைக்கு 30 நாள் என்பது சில தோட்டங்களில் வேகம்.

எந்த முறையை வைத்தாலும், ஏற்கெனவே ஒருவர் பெயரில் விழுந்துவிட்ட வேலை பட்டியலைத் திருத்தியதும் தானாக இடம் மாறாது. அந்தத் தோட்டத்தில் இப்போது இடமாற்றக் கடிதத்தையே ஒரு படிவமாக்கிவிட்டேன். கடிதம் ஒப்பமானதும் பட்டியல் திருந்தும், போகிறவர் பெயரில் திறந்திருக்கிற வேலைகள் பெரிய கிளாக்கருக்கு ஒரே திரையில் வரும். அவற்றை அவர் ஒவ்வொன்றாகப் புது ஆளுக்கு மாற்றுகிறார். தானாக மாற்றும்படி செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்றார்.