ஹீட்டர் ரிலேவுக்கு எது: எம்ஓசி 3021-ஆ, 3063-ஆ?

பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக் கோழிக்குஞ்சு அடைகாப்புப் பெட்டிக்காக சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச்) போர்டு வரைந்தபோது இந்தக் கேள்வி வந்தது.

இரண்டுமே கன்ட்ரோலரின் சிக்னலை ஒளி வழியாக வாங்கி, ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ட்ரையாக் என்ற ஏசி சுவிட்சைத் திறக்கும் சிப்கள். 3021 ஏசி அலையின் எந்த இடத்திலும் ட்ரையாக்கைத் திறக்கும். மின்விசிறி வேகத்தைக் குறைக்க அதுதான் வேண்டும். ஆனால் தாங்குவது 400 வோல்ட். நம் 230 வோல்ட் லைனின் உச்சமே 325. இடி மின்னல் நாளில் எனக்கு அது போதாது. 3063 தாங்குவது 600. அலை பூஜ்யத்தை ஒட்டி வரும்போதுதான் திறக்கும் என்பதால் ரேடியோவில் இரைச்சலும் குறைவு. ஹீட்டருக்கு இதையே போடுங்கள்.

அப்புறம், லைன் பக்கத்துக்கும் கன்ட்ரோலர் பக்கத்துக்கும் நடுவே 8 மில்லிமீட்டராவது விடுங்கள். முதல் சோதனையில் ஹீட்டர் வேண்டாம், 60 வாட் குண்டு பல்பு போதும். சிக்னல் இல்லாமலே முழுசாக எரிந்தால் ட்ரையாக் ஷார்ட். ரிலே அணைந்திருந்தாலும் ஸ்னப்பர் (ட்ரையாக்குக்கு இணையாக, அதைக் காக்கப் போடும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி) வழியாக மின்சாரம் கசியும். பிளக்கைப் பிடுங்காமல் தொடவே தொடாதீர்கள்.