பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி: எட்டு வருஷம், மூன்று சுற்று

எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொடரின் டிவிடி பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டாவது தட்டு பாதியில் திக்கி நின்றுவிடும், விற்றவரோ மாற்றித் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார். அந்தக் கடுப்போடு ஆரம்பித்த 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி'யை இதுவரை மூன்று தடவை முழுசாகப் பார்த்தாயிற்று. 1970 முதல் 1974 வரை அமெரிக்காவில் ஏபிசி சேனலில் வந்த தொடர், மொத்தம் 96 எபிசோட்.

கணவரை இழந்த அம்மா, ஐந்து பிள்ளைகள். கராஜில் பதிவு செய்த பாட்டு ஹிட்டாகிவிட, ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸுக்குக் கட்டம் கட்டமாக வர்ணம் அடித்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்புகிறார்கள். கௌசில்ஸ் என்று அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து பாடிய நிஜக் குழு ஒன்று இருந்தது, அதைப் பார்த்துப் பிறந்த யோசனை.

முதல் சுற்று காமெடிக்காக. பொடியன் டேனியும் மேனேஜர் ரூபனும் முட்டிக்கொள்ளும் இடங்கள் இன்றைக்கும் தேறும், ஆனால் அந்தப் பதிவு செய்த சிரிப்புச் சத்தம் இருக்கிறதே, அப்பப்பா.

இரண்டாவது சுற்றில்தான் காது திறந்தது. திரையில் ஆறு பேரும் வாசித்துப் பாடினாலும் ரெக்கார்டில் அந்தக் குடும்பத்திலிருந்து கேட்பது இரண்டே குரல்: அம்மாவாக வரும் ஷெர்லி ஜோன்ஸ், மூத்தவன் கீத்தாக வரும் டேவிட் கேசிடி. (நிஜத்தில் அவர் ஷெர்லியின் கணவருக்கு முதல் தாரத்துப் பிள்ளை.) கேசிடியைக்கூட வாயசைக்கத்தான் எடுத்தார்களாம், தன்னால் பாட முடியும் என்று அவர்தான் பாட்டுகளின் தயாரிப்பாளர் வெஸ் ஃபேரலிடம் பாடிக் காட்டி இடம் பிடித்தார். மற்ற குரல்கள் ரான் ஹிக்லின், பாலர் சகோதரர்கள், ஜாக்கி வார்ட் என்ற ஸ்டுடியோ பாடகர்களுடையவை, வாத்தியமெல்லாம் 'ரெக்கிங் க்ரூ' என்ற லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோ வாத்தியக் குழு ஆட்கள். ஏமாற்று என்று திட்டுகிறவர்கள் உண்டு. பின்னணிப் பாடகர்களைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிர்ச்சி? 'ஐ திங்க் ஐ லவ் யூ' என்ற இவர்கள் பாட்டு, தொடர் தொடங்கி இரண்டே மாதத்தில் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்தது. ஹெட்போன் போட்டு அதில் வரும் ஹார்ப்சிகார்டை (பியானோ மாதிரியான பழைய வாத்தியம்) மட்டும் ஒரு தடவை கேளுங்கள், ஒரு டிவி காமெடிக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று தோன்றும். எல்லாப் பாட்டும் அப்படி இல்லை. 'டஸின்ட் சம்படி வான்ட் டு பி வான்டட்' பாட்டின் நடுவில் கேசிடி பாடுவதை விட்டுவிட்டுக் குழைந்து குழைந்து பேசுவார், எனக்கு இன்றுவரை கூச்சமாக இருக்கிறது, கேசிடிக்கே அது பிடிக்கவில்லை.

நான்காவது சீசனை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் ஒருவனைக் கொண்டுவந்து பாட வைக்கிறார்கள், ரிமோட் தானாகக் கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது சுற்றில் பாட்டு வரும்போதெல்லாம் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன், கீபோர்டில் மூத்த மகளாக வரும் சூசன் டேயின் விரல் ஒரு பக்கம் போகும், இசை இன்னொரு பக்கம் போகும். முதல் சீசன் முடிந்ததும் டிரம்ஸ் அடிக்கும் கிறிஸ்ஸாக நடித்த பையனையே மாற்றிவிட்டார்கள். கதையில் அந்த வீட்டில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. டிரம்ஸும் மாறவில்லை, ரெக்கார்டில் அடித்துக்கொண்டிருந்தது ரெக்கிங் க்ரூவின் டிரம்மர் ஹால் பிளெய்ன் அல்லவா.