எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சேலத்துக் குழு

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை நடைகள் நடத்தும் இந்தப் புகைப்படக் குழுவில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: தாராளமாகச் சேரலாம். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள், லென்ஸ் இரவல் கிடைக்கிறது என்பதெல்லாம் அப்புறம். இந்தக் குழு யாரைப் படம் எடுக்கிறதோ அவர் கைக்கு அந்தப் படம் பிரிண்டாகப் போய்ச் சேர்கிறது. ஒரு புகைப்படக் குழுவை எடைபோட இதைவிடச் சரியான தராசு இல்லை. ஊரெல்லாம் கேமரா இருக்கிறது. ஆனால் எடுக்கப்பட்டவர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருப்பது அபூர்வம்.

சேருவதற்குக் கட்டணம் கிடையாது. வண்டிச் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், பிரிண்ட் போடும் பொதுப் பணத்துக்கு முடிந்ததைக் கொடுக்க வேண்டும். கேமரா இல்லாமல் போனோடு வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆடியில் குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் திருவிழாவின் வண்டி வேடிக்கைதான் இவர்களுக்கு ஆண்டின் பெரிய வேலை. அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடமும் புராண வேடமும் தரித்தவர்கள் அசையாமல் நின்று வருவார்கள். கூட்டம் தோளோடு தோள் இடிக்கும். இதை எடுப்பதில் மூன்று சிக்கல் இருக்கிறது, மூன்றுக்கும் குழுவிடம் தெளிவான வழி இருக்கிறது.

முதலாவது, விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250, 1/500 நொடி என்று வைத்தால் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டை விழும், அடுத்தடுத்த படங்களில் நிறமும் மாறும். 1/100 வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். சில அலங்கார எல்இடி பலகைகள் வேறு வேகத்தில் மின்னும். அங்கே பட்டை விழுந்தால் 1/50-க்கு இறங்கி, வண்டி நிற்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப் 2, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. இரண்டாவது, சிவப்பு. சிவப்பு விளக்கு முகத்தில் விழும்போது சிவப்பு நிறம் மட்டும் எகிறிப்போய், கன்னமும் மூக்கும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். வெளிச்ச அளவைக் கேமரா திரையில் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் மொத்தமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருப்பதுபோல் காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து முக்கால் ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுக்கச் சொல்கிறார்கள். மூன்றாவது, உயரம். வேடமிட்டவர் வண்டிமேல் நிற்கிறார், நாம் தரையில் நிற்கிறோம். கீழிருந்து எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் கிடைக்கும். அதனால் வீதியோரத்தில் தெரிந்த வீடுகளின் மாடிகளில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, இரண்டிரண்டு பேராக நிறுத்துகிறார்கள்.

ஃபிளாஷ் அறவே கூடாது. ஜிகினாவில் பட்டு வெள்ளைப் பொட்டுகளாகத் தெறிக்கும், சீரியல் லைட்டின் அழகு செத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மணிக்கணக்கில் சாமியாக நிற்பவரின் கண்ணில் அடிப்பது மரியாதை இல்லை.

இரண்டிரண்டு பேராகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் படம் எடுக்க, மற்றவர் நோட்டில் பெயர், தெரு, போன் எண் எழுதிக்கொள்வார். எழுதிய பக்கத்தையும் அதே கேமராவில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தின் படத்துக்கு அடுத்து வருவதெல்லாம் அந்த வண்டிக்காரருடையது. கேமராக்களின் கடிகாரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பதால், கிளம்பும் முன் எல்லோரும் ஒரே போனின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் கேமரா எத்தனை நிமிடம் பிந்துகிறது என்பது அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். கேட்கச் சின்ன வேலை. இதைச் செய்யாவிட்டால், ஆயிரக்கணக்கான படங்களில் எந்த அம்மன் எந்தத் தெருக்காரர் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

பிரிண்ட் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் பல குழுக்கள் சறுக்கும். 4×6 அங்குலத்துக்கு 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 1200×1800 பிக்சல் போதும். 8×12-க்கு 2400×3600. கேமரா படத்தின் விகிதம் 3:2, அது 4×6-லும் 8×12-லும் அப்படியே உட்காரும். போன் படம் பெரும்பாலும் 4:3. போனைப் படுக்கவைத்து எடுத்ததை 4×6-க்குக் கொடுத்தால் பிரிண்ட் போடும் லேபில் மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள், நிற்கிறவரின் தலை உச்சியோ பாதமோ போகும். நிமிர்த்திப் பிடித்து எடுத்ததில் இருபக்கமும் வெட்டுப்படும். போனில் எடுப்பவர்கள் நாலு பக்கமும் இடம் விட்டு எடுக்க வேண்டும், அல்லது 6×8 கேட்க வேண்டும். அடுத்த தவறு, பிரிண்ட் இருட்டாக வருவது. லேபைத் திட்டுவோம். உண்மையில் நம் லேப்டாப் திரையின் வெளிச்சம் முழுதாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். அதில் சரியாகத் தெரியும்படி திருத்திய படம் தாளில் மங்கித்தான் வரும். திரையைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்துத் திருத்தி, முதலில் ஐந்தாறு படம் மட்டும் போட்டுப் பார்த்து, பிறகு மொத்தத்தையும் கொடுக்கும் பழக்கம் குழுவில் இருக்கிறது. படத்தின் கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களைப் பதியும் முறை, எஸ்ஆர்ஜிபி-யில் இருக்க வேண்டும். வேறு எதில் கொடுத்தாலும் பெரும்பாலும் தோல் நிறம் வெளிறும்.

அம்மாபேட்டை, குகைப் பக்கத்துத் தறி வீடுகளுக்குப் போகும் நடைகளும் நல்லவை, ஒரு குறையோடு. குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கண்மட்டம் நம் இடுப்புக்கும் கீழேதான். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் பதியும். தரையில் உட்காருங்கள். ஊடு நூலோடு குறுக்கே ஓடும் நாடா பறப்பதை நிறுத்திக் காட்டக் குறைந்தது 1/500, கையும் நாடாவும் இழுபட்டுத் தெரிய 1/30. சேலம் வெண்பட்டு வேட்டி நெய்யும் தறியில் கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஏமாறும். வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். சேகோ பேக்டரி களத்தில் ஜவ்வரிசி காயும் இடத்திலும் இதே கதை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் கேமராவின் வார் மாட்டி இழை அறுந்தால், உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சேர்ப்பது நெசவாளர்தான். உருப்படிக்குக் கூலி வாங்குகிறவரை நிறுத்தி போஸ் கேட்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பணம். ஒரு வீட்டுக்குள் மூன்று பேருக்கு மேல் போகக்கூடாது என்று குழுவே விதி வைத்திருக்கிறது. ஆனால் கூட்டம் சேர்ந்த நாட்களில் அந்த விதி காற்றில் போகிறது. வாசலில் ஒருவர் நின்று எண்ணி அனுப்பினால் தீர்ந்துவிடும் விஷயம் இது. தயவுசெய்து செய்யுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடையும் உண்டு. பட்டறைக்குள் இடம் குறைவு, பொருளின் மதிப்பு அதிகம். பையை வெளியே வைத்துவிட்டு ஒரு கேமரா, ஒரு லென்ஸோடு மட்டும் உள்ளே போவது இரு தரப்புக்கும் நிம்மதி.

ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம் என்பதைக் கேமராவும் உணரும். ஏசி காரில் குளிர்ந்த லென்ஸை ஈரக்காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும். கடைசி சில வளைவுகளுக்கு ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். திரும்பும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும்: குளிர்ந்த கேமராவை அடிவாரத்து வெப்பத்தில் திறக்கக்கூடாது. மேலேயே ஜிப் கவருக்குள் போட்டு மூடி, வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் கவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். அப்படியே அலமாரியில் வைத்து மறந்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பதை ரிப்பேர் கடைக்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் தேடித் தேடித் தவிக்கும். சில்வர் ஓக் மரத்தின் தண்டு விளிம்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள், இல்லையென்றால் பனி புகையாகத் தெரியும். அகல லென்ஸில் வெறும் வெள்ளைதான் கிடைக்கும். 85 மி.மீ.க்கு மேல் போனால் ஒன்றன்பின் ஒன்றாக மர வரிசை அடுக்கடுக்காக வரும். காலை வெளிச்சத்துக்குப் பகோடா பாயிண்ட், மாலைக்கு லேடீஸ் சீட். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்த பிறகு காபிச் செடிகள் மொத்தமாகப் பூக்கும். மல்லிகை போல வெள்ளை, வாசமும் அப்படியே. சில நாட்களில் வாடிவிடும் என்பதால் இதற்கு மட்டும் ஞாயிறுவரை காத்திராமல் கிளம்புகிறார்கள். எஸ்டேட் தனியார் நிலம். அனுமதி வாங்காமல் வேலி தாண்டுபவரை அடுத்த பயணத்தில் சேர்ப்பதில்லை, அது மிகச் சரி. காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை என்பதால் இருட்டும் முன்பே தோட்டப் பாதைகளை விட்டு வந்துவிடுகிறார்கள். ட்ரோன் அனுமதியில்லை.

மலையில் இவர்கள் செய்யும் உருப்படியான காரியம் பனிப்படம் அல்ல, காபிப்பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் எடுக்கும் குடும்பப் படம். ஸ்டுடியோ விளக்கெல்லாம் கிடையாது. வெயில் நேராக விழாத திண்ணை, வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே இரண்டு பேர் விரித்துப் பிடிக்கும் வெள்ளை வேட்டி, முகத்திலிருந்து ஒரு மீட்டர் தூரம். கண்ணுக்குக் கீழ் விழும் நிழல் அதிலேயே போய்விடும். பச்சைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் பச்சை முகத்தில் ஏறும், சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் நிறுத்த வேண்டும். வயதானவர்கள் தனிப்படம் கேட்பார்கள். எதற்கென்று அவர்களும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. அந்தப் படத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, 8×12 போட்டு, சட்டம் மாட்டிக் கொடுக்கிறார்கள். மலை வீட்டு ஈரத்தில் பளபளப்புத் தாள் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்துவரும். அதற்காக மேட் தாள் போட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைக்கிறார்கள். குழு செய்வதிலேயே மிகச் சிறந்த வேலை இதுதான்.

அரசுப் பள்ளிகளில் ஊசித்துளைக் கேமரா பற்றி நடத்தும் வகுப்பு எளிமையானது. ஒரு வகுப்பறையின் ஜன்னல்களைக் கறுப்புத் தாளால் அடைத்து, ஒன்றில் மட்டும் 1 செ.மீ. ஓட்டை. எதிர்ச் சுவரில் வெளியே உள்ள வேப்பமரம் தலைகீழாக ஆடும். சேலத்து வெயிலுக்குப் பத்து மணிக்கு மேல் நன்றாகத் தெரியும். 10 செ.மீ. ஆழ அட்டைப்பெட்டியில் செய்வதானால் ஓட்டை 0.35 மி.மீ. அளவு, பின்னால் பட்டர் பேப்பர். ஊசியை முழுதாகக் குத்தி இறக்கினால் ஓட்டை பெரிதாகிப் படம் கலங்கும், நுனியை மட்டும் குத்த வேண்டும்.

ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாளை ஒட்டி நடக்கும் கண்காட்சி சுமாரானது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், இங்கே கூரைவரை மாட்டிவிடுகிறார்கள். சன்போர்டு அட்டையில் ஒட்டிய படங்கள் டபுள் சைடு டேப் வெயிலில் இளகி மதியத்துக்குள் சாய்கின்றன. படத்தைப் பாதியாகக் குறைத்துக் கம்பியில் தொங்கவிட்டால் இரண்டு குறையும் போகும்.

வேறு குறைகளும் இருக்கின்றன. விடியற்காலை நாலரைக்குக் கூடும் நடைகளுக்குப் பெண்கள் வருவது சிரமம். எட்டு மணிக்குத் தொடங்கும் நடையும் மாதம் ஒன்றாவது வேண்டும். படங்களை விமர்சிக்க வாட்ஸாப்பில் படமாக அனுப்புகிறார்கள், அது சுருங்கி விவரம் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது 4×6 போட்டு மேசையில் பரப்பிப் பேசுங்கள். குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையத்தில் போடக்கூடாது என்ற விதியை மீறுபவர்களிடம் இன்னும் கண்டிப்பு வேண்டும். இத்தனை ஆண்டுப் படங்களும் ஒரே ஹார்டு டிஸ்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை.

அண்மையில் பழைய படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கவும் தொடங்கியிருக்கிறார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் இது. வீட்டுப் பெட்டிகளில் என்னென்ன படங்கள் கிடக்கின்றனவோ. தாளில் உள்ள படத்துக்கு 600 டிபிஐ, 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400-க்குக் குறையாமல், தரம் குறையாத டிஃப் ஃபைலாக. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை வீட்டில் பிரிக்க முயலாதீர்கள். சட்டத்தோடு கொண்டுவாருங்கள், கண்ணாடிமேலேயே இருபக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள்.