சாம்பியன் யார் என்பதை யார் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (காலால் உதைக்கும் பந்தல்ல, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம்) அலபாமா பல்கலைக்கழகம் 18 தேசியப் பட்டங்கள் தன்னுடையவை என்கிறது. அவற்றில் ஒன்று 1941-க்கானது. அந்த ஆண்டு அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்றது. ஏபி செய்தி நிறுவனம் விளையாட்டு நிருபர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் அதற்குக் கிடைத்தது 20-ஆவது இடம். ஹௌல்கேட் என்ற ஒரு கணக்குமுறை மட்டும் அதை முதலில் வைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து, போனால் போகிறது என்று விடாமல், அதையும் பட்டியலில் ஏற்றிக்கொண்டார்கள்.

இது எப்படிச் செல்லுபடியாகிறது? கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்சிஏஏ, கால்பந்தின் உச்சப் பிரிவுக்கு மட்டும் தானே பட்டம் வழங்குவதில்லை. அந்த வெற்றிடத்தில் யார் வேண்டுமானாலும் தராசு தூக்கலாம்.

அதனால் பெரிய அணிகளை வரிசைப்படுத்துவதும் எந்தத் தராசு என்பதைப் பொறுத்ததே. மிச்சிகன் கோருவது 12 பட்டங்கள். ஏபி வாக்கெடுப்பை மட்டும் எண்ணினால் 1948, 1997, 2023 என மூன்றுதான். மிச்சிகனின் எட்டுப் பட்டங்கள், 1936-இல் அந்த வாக்கெடுப்பு பிறப்பதற்கு முந்தியவை. ஆனால் மொத்த வெற்றிகளை எண்ணினால் மிச்சிகனை மிஞ்ச ஆளில்லை. 2023-இல் ஆயிரமாவது வெற்றியை முதலில் தொட்டதும் அதுவே. நோட்டர் டேம் 11 கோருகிறது, ஏபி கணக்கில் 8. அலபாமாவுக்கு ஏபி கணக்கிலேயே 12. எனக்கு இந்தக் கணக்கு போதும்: அலபாமா முதலில், நோட்டர் டேம் அடுத்து.

அதற்காக அந்த வாக்கெடுப்பு சுத்தமான தங்கம் என்று சொல்லமாட்டேன். 1967 வரை, 1965 ஒன்றைத் தவிர, கடைசி வாக்கைப் புத்தாண்டு 'பௌல்' ஆட்டங்களுக்கு (பருவம் முடிந்தபின் அழைப்பின்பேரில் நடப்பவை) முன்பே போட்டுவிடுவார்கள். 1964-இல் பட்டம் வாங்கிய அலபாமா, அதன்பின் ஆரஞ்சு பௌலில் டெக்சாஸிடம் 21-17 எனத் தோற்றது. மாலை போட்டபின் மாப்பிள்ளையைப் பரிசோதித்த கதை! 1997-இல் தோல்வியே காணாத மிச்சிகனும் நெப்ராஸ்காவும் பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டன (ஏபி முன்னதற்கும், பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பு பின்னதற்கும் கொடுத்தன); நேருக்கு நேர் மோதவே இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 1998-இல் வந்தது பிசிஎஸ். வாக்குகளையும் கணினிக் கணக்கையும் கலந்து இரண்டே அணிகளைப் பொறுக்கி, இறுதி ஆட்டம் வைத்தார்கள். இருந்த முறைகளில் மோசமானது இதுதான் என்பேன். 2003-இல் இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்தது தென் கலிஃபோர்னியா. கூட்டுக் கணக்கில் மூன்றாவதாகி வெளியே நின்றது. தான் ஆடும் லீக்கின் இறுதியாட்டத்தில் கான்சாஸ் ஸ்டேட்டிடம் 35-7 என நொறுங்கிய ஓக்லஹோமா உள்ளே போனது. எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அதை வீழ்த்தி பிசிஎஸ் பட்டத்தை எடுத்தது, ஏபி தன் பட்டத்தைத் தென் கலிஃபோர்னியாவுக்கே கொடுத்தது. ஆக, தீர்க்க வந்த பங்கீடு மறுபடி வந்தது. அடுத்த ஆண்டு ஆபர்ன் 13 ஆட்டங்களையும் வென்றும் அதற்குப் பந்தியில் இலை போடவில்லை.

2014-இல் பிசிஎஸ் போய், நான்கு அணிகள் மோதும் நாக்அவுட் வந்தது; அவற்றைப் பொறுக்கப் பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழு. முதல் ஆண்டே நான்காம் இடத்து ஒஹாயோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கி, இரண்டு இடம் போதாது என்று காட்டியது. நான்கும் போதவில்லை: 2023-இல் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட்டை, முதன்மை குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்தும் வீரர்) காயம்பட்டதைக் காரணம் காட்டி ஒதுக்கினார்கள். வலுவைப் பார்ப்பதா, ஆடிப் பெற்றதைப் பார்ப்பதா? இரண்டாவதைத்தான் பார்த்திருக்க வேண்டும். பிறகு அந்த அணி ஜார்ஜியாவிடம் 63-3 என உதைபட்டதை எதிர்வாதமாக நீட்டுவார்கள். பல வீரர்கள் ஆடாமல் விலகிய ஆட்டம் அது.

2024 முதல் பன்னிரண்டு. இங்கே இழப்பும் உண்டு. ஒஹாயோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13-10 எனத் தோற்றது. முன்பெல்லாம் அத்தகைய தோல்வி பருவத்தையே முடித்துவிடும். இப்போது எட்டாம் இடத்தில் நுழைந்து, நான்கு ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று, கோப்பையோடு திரும்பியது. வாராவாரம் உயிர்போகிற அந்தப் பழைய பதற்றம் தளர்ந்துவிட்டது.

ஆனாலும் என் ஓட்டு பன்னிரண்டுக்கே. மூன்றாவது நல்ல அணி வெளியே நிற்பதும் பதின்மூன்றாவது நிற்பதும் ஒன்றல்ல. 2025-இல் நோட்டர் டேமும் மியாமியும் 10 வெற்றி, 2 தோல்வி. பருவத் தொடக்கத்தில் மியாமிதான் 27-24 என வென்றிருந்தது. இருந்தும் குழு பல வாரங்கள் நோட்டர் டேமையே மேலே வைத்து, கடைசி நாளில் மாற்றியது. கோபத்தில் நோட்டர் டேம் பௌல் ஆட்டமே வேண்டாம் என்றுவிட்டது. கதவிடுக்கில் நுழைந்த மியாமியோ இறுதிவரை வந்து, தோல்வியே காணாத இண்டியானாவிடம் 27-21 எனத்தான் வீழ்ந்தது.