எலும்புத் தேய்மானம்: ஹார்மோனா, அலென்ட்ரோனேட்டா?

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், எலும்பை அரிக்கும் செல்கள் மேலோங்குகின்றன. ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை, எலும்பைக் காக்கும் மாத்திரையான அலென்ட்ரோனேட், இரண்டும் அந்தச் செல்களைத்தான் அடக்குகின்றன.

எடுக்கும் முறை
ஹார்மோன்: தினசரி மாத்திரை அல்லது தோலில் ஒட்டும் பட்டை. கருப்பை இருந்தால் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் அவசியம். அதைச் சேர்க்காவிட்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் அபாயம்.
அலென்ட்ரோனேட்: வாரம் ஒருமுறை 70 மி.கி., காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீருடன். பிறகு 30 நிமிடம் படுக்கவே கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். கால்சியம் மாத்திரையையும் கூடவே விழுங்கினால் மருந்து உடலில் சேராது. பலர் தவறுவது இங்கேதான்.

நிறுத்தினால்
ஹார்மோன்: பலன் சீக்கிரம் கரையும்.
அலென்ட்ரோனேட்: எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

60 வயதுக்குள், திடீரென உடல் சூடேறி வியர்ப்பதும் வாட்டினால் ஹார்மோன் பொருந்தும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அலென்ட்ரோனேட்.