பெஞ்சுக்கு ஐந்து நட்சத்திரம், குதிரைக்கு ஒன்று

காரைக்குடிப் பக்கம், வீடுகளுக்கு நடுவில் இருக்கிற நடுத்தர அளவுப் பூங்கா இது. ஊஞ்சல், சறுக்கு, நடைபாதை என்று எல்லா ஊரிலும் இருப்பதுதான் இங்கேயும் இருந்தது. இப்போது செட்டிநாட்டு அடையாளங்கள் என்ற பெயரில் ஐந்து கலைப்பொருட்களை வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய, உட்கார்ந்து பார்த்து எழுதியவர்களைக் காணோம், அதனால் நான் எழுதுகிறேன். மொத்தமாக ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். எல்லாமே சுமார் என்பதால் இல்லை, ஒன்று பிரமாதம், ஒன்று வீண், மற்றவை நடுவில் எங்கேயோ நிற்கின்றன.

வாசலில் ஊர்ப் பெயரும் சிவப்பு இதயமும் போட்ட பெரிய எழுத்துகள். மெரினாவில் 2021இல் 'நம்ம சென்னை' வந்ததற்கு அப்புறம் ஊருக்கு ஊர் இது முளைத்துவிட்டது. இரவில் பாதி விளக்கு எரிவதில்லை. மேலே போவோம்.

உள்ளே நுழைந்ததும் ஃபைபரில் வார்த்த ஐயனார் குதிரை. தூரத்தில் பார்த்தால் கம்பீரம்தான். கிட்டே போய்த் தட்டினால் காலி பிளாஸ்டிக் டிரம்மைத் தட்டின சத்தம். நம் வெயிலில் சிவப்பு வெளிறிப்போய், தடவினால் வண்ணம் பொடியாகக் கையில் ஒட்டுகிறது. பின்னங்காலில் விரிசல் விட்டு உள்ளே இருக்கிற கண்ணாடி இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, குழந்தைகள் தொட்டால் குத்தும், அப்புறம் அரிக்கும். சுற்றிலும் ஒரு நைலான் கயிறு கட்டிவைத்திருக்கிறார்கள், இதுவரை நடந்த ரிப்பேர் அவ்வளவுதான்.

பொருள் மட்டம் என்பதுகூட எனக்குப் பெரிசில்லை. மண் குதிரை செய்கிற வேளார்கள் இருக்கிற சீமைக்கு எங்கேயோ அச்சில் வார்த்த குதிரையை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்ததுதான் பொறுக்கவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குப் புரவி எடுப்பை, அதாவது ஐயனாருக்கு மண் குதிரை செய்து கொண்டுபோய் வைக்கிற திருவிழாவை, பற்றிச் சொல்லித்தர வேண்டாம். ஊர்க்காரர்கள் பிடிமண், அதாவது ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி, கொடுத்தபிறகுதான் வேளார் கை வைப்பார். களிமண்ணில் மணலும் உமியும் சேர்த்து மிதித்து, கால்களை முதலில் நிறுத்தி, காயக் காய மேலே உடம்பையும் கழுத்தையும் ஏற்றி, சுட்டு, வண்ணம் அடித்து, கண் திறந்து, அப்புறம் ஊரே சேர்ந்து கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும். பழைய குதிரை உடைந்தால் அதை யாரும் ஒட்டவைப்பதில்லை. அங்கேயே கிடந்து மண்ணோடு மண்ணாகும், அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். ஃபைபர் குதிரைக்கு அந்த வழியும் இல்லை. மண்ணோடு சேராது, சரிசெய்ய இங்கே ஆளும் கிடையாது. மண்ணில் செய்து வைத்தால் பிள்ளைகள் ஏறி உடைத்துவிடுவார்களே என்று கேட்கலாம், நியாயம்தான், ஆனால் இப்போதும் 'ஏறாதீர்கள்' என்றுதானே பலகை மாட்டியிருக்கிறது?

சரி, பெஞ்சுக்கு வருவோம். இதற்காகவே போகலாம். பெரிய வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் நீளத் திண்ணை, முதுகு சாய்க்கவும் வசதி உண்டு, மேலெல்லாம் உடைந்த ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டு வீட்டுத் தரையில் போடுகிற பூப்போட்ட சிமெண்ட் கல்லை, சில்லு சில்லாகப் பதித்திருக்கிறார்கள். பார்சிலோனாவில் கௌடி என்ற கட்டடக் கலைஞர் 1900க்கும் 1914க்கும் இடையில் கட்டிய பார்க் குவெல் என்ற பூங்காவில் ஓட்டுச் சில்லு பதித்த வளைவு பெஞ்சு ஒன்று இருக்கிறது, படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைந்த பீங்கான், ஓடு, கண்ணாடி வளையல் என்று குப்பைக்குப் போகிறதை எல்லாம் சேர்த்து யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டத்தையே கட்டினார், 1976இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆக யோசனை புதுசில்லை. கல் நம்முடையது, அதில்தான் விஷயம்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, அச்சை உருவிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கம் ஈரக் கலவை வைத்து மட்டம் செய்வார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், பிறகு காயும். கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போதே முகம் வழவழவென்று இருக்கும், மெஷின் பாலிஷ் எதுவும் இல்லை. எல்லாமே கைவேலை என்பதால் ஒரு கல்லைப் போல இன்னொன்று அச்சு அசலாக வராது, மூலை போனது, சாயம் கசிந்தது என்று பட்டறையில் கழிப்பதும் உண்டு. அப்படிக் கழித்த கல்லும் இடித்த வீடுகளில் பெயர்த்த கல்லும் கலந்துதான் இந்தத் திண்ணை. வீட்டை இடித்தால் தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போய்விடும், உடைந்த தரைக்கல்லை யார் கேட்கிறார்கள்?

மத்தியான வெயிலிலும் நிழல் பக்கம் உட்கார்ந்தால் சில்லென்று இருக்கிறது. பழைய வீட்டுப் பட்டாலைத் தரையில் படுத்து எழுந்தவர்களுக்கு இந்தக் குளிர்ச்சி தெரியும். சாயங்காலம் வயசான ஆச்சிகள் எல்லாம் இங்கேதான். "இது எங்க வீட்டு ரெண்டாங்கட்டுப் பூவு" என்று ஒருவர் ஒரு சில்லைக் காட்ட, "போங்க ஆச்சி, எங்க வளவுலயும் இதே கல்லுதான்" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். மற்ற நான்கில் எதன் பக்கத்திலும் யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. அடிப்படையில் இது வீட்டுக்குள் போடுகிற கல், மழை நேராகப் படுகிற கோடியில் உப்புப் பூத்து வெளுத்திருக்கிறது. வீட்டில் என்றால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம், பூங்காவில் யார் துடைப்பது? ஆனால் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்தபோது, எதிர் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் மிச்சக் கலவையை எடுத்துவந்து வேறு பூ போட்ட துண்டை ஒட்டிவிட்டுப் போனார். எந்த இடம் என்று இப்போது தேடினாலும் கிடைக்காது. டெண்டர் கிடையாது, மனு கிடையாது. குதிரையின் காலைச் சரிபண்ண இன்னும் ஆள் வரவில்லை.

அடுத்தது இரும்புக் கொட்டான். கொட்டான் என்கிற பனை ஓலைக் கூடையின் பின்னலை அப்படியே இரும்புப் பட்டையில் பின்னி, பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ளே நுழைகிற அளவுக்குச் செய்திருக்கிறார்கள். காலை வெயில் உள்ளே விழும்போது தரையெல்லாம் கட்டம் கட்டமாக நிழல், அழகு அழகுதான். பத்து மணிக்கு மேல் தொட்டால் சுடும். வேம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, வெட்டவெளியில் எதற்கு வைத்தார்களோ! அடியில் துரு ஏறியிருக்கிறது, சுரண்டி ப்ரைமர் அடித்தால் போதும், வெல்டிங் பட்டறை இல்லாத ஊரா இது. மூன்றரை கொடுக்கலாம்.

சுற்றுச்சுவரில் கண்டாங்கிச் சேலையின் கட்டமும் கரையும் நீளமாக வரைந்திருக்கிறார்கள். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பிறகு ஊரில் எங்கே பார்த்தாலும் அந்த மஞ்சளும் அரக்கும்தான், ஆனால் இங்கே வரைந்தவருக்கு அளவு தெரிந்திருக்கிறது, கட்டங்கள் தள்ளி நின்று பார்க்கத் தோதாகப் பெரிசாக இருக்கின்றன. என்ன, ஈரம் ஏறுகிற சுவர் மேல் பிளாஸ்டிக் பெயிண்டை அடித்துவிட்டார்கள், கீழே முழங்கால் உயரத்துக்கு உரிந்து தொங்குகிறது. மூன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர் என்று கருங்கல் பலகையில் பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். செய்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை நிறுத்திய கணபதி ஸ்தபதி பிறந்தது இதோ பிள்ளையார்பட்டியில். அந்த வட்டாரத்தில், சில்லு பதித்தது யார், கொட்டானைப் பின்னியது யார் என்று காவலாளி அண்ணனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்கும் தெரியாது. "ஆத்தங்குடிப் பக்கத்து ஆளுகதாண்ணே" என்றார்.

போகிறவர்களுக்கு: நுழைவு இலவசம், பைக் நிறுத்தத் தெருவில் இடம் உண்டு, கழிப்பறை பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும், ஆறு மணிக்கு மேல் கொசு. கொட்டானைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் காலையிலேயே போய்விடுங்கள். ஃபைபர் குதிரையைப் பார்த்து மனசு ஆறாதவர்கள் புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரம் ஐயனார் கோயிலுக்குப் போய்வரலாம், அங்கே மண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.