கொழுப்புக் கணக்கும் சொல்லும் வெயிட் மெஷின்: கூடுதல் காசு தரலாமா?

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ வெயிட் மெஷின் கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். எடை மட்டும் காட்டுவது ஒன்று. ஐந்நூறு, அறுநூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். இன்னொன்று புளூடூத்தில் போனோடு சேர்ந்து கொழுப்பு, தசை, நீர், எலும்பு, ‘உடலின் வயது’ என்று பத்துப் பதின்மூன்று எண்களை அடுக்குவது. பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். எடை காட்டும் வேலையை இரண்டுமே ஒழுங்காகச் செய்கின்றன. கூடுதல் காசுக்கு வரும் எண்களில் கொழுப்பு விழுக்காடு ஓரளவு தேறும், மற்றதெல்லாம் அலங்காரம்.

முதலில் எடை. கண்ணாடிப் பலகையின் நான்கு காலிலும் லோட் செல் எனப்படும் சிறு உலோகத் துண்டு இருக்கிறது. நாம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அந்த வளைவு மின்தடை மாற்றமாகி எண்ணாக வருகிறது. நான்கு காலும் சமமாக ஊன்றினால்தான் கணக்குச் சரி. அதனால் பாத்ரூமில் வைக்கவே கூடாது. தண்ணீர் ஓட அங்கே தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். பழைய வீடுகளில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்திலும் இதே கதை. கூடத்தில் சமதரையான இடம் ஒன்றைத் தேர்ந்து, நான்கு மூலையிலும் ஸ்டிக்கர் ஒட்டி, தினமும் அதே இடத்தில் வையுங்கள். அடியில் மிதியடி, பாய் எதுவும் வேண்டாம். எடை தவறாகக் காட்டும்.

வாங்கியதும் ஒரு சோதனை. தனியாக ஏறி எண்ணைக் குறியுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்தை ஒரு பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் 5 கிலோவுக்குச் சற்று மேல் வர வேண்டும். அடுத்து பையை வைத்துவிட்டு மறுபடி தனியாக ஏறி இறங்கி, உடனே 200 மில்லி தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். எண் துளியும் அசையவில்லை என்றால் மெஷின் பழைய எண்ணை ஞாபகம் வைத்து ஒப்பிக்கிறது. பல மலிவு மாடல்களில் இந்தத் தந்திரம் உண்டு: முந்தைய எடைக்கு அருகில் வந்தால் அதையே திரும்பக் காட்டும். ‘எத்தனை தடவை ஏறினாலும் ஒரே எடை, என்ன துல்லியம்!’ என்று மெச்சுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நடுவில் ஐந்து கிலோ பையோடு ஒருமுறை ஏறி இறங்கினால் ஞாபகம் அழிந்து உண்மை எடை வரும்.

கடற்கரை ஊருக்கே உரிய தொல்லை ஒன்று: உப்புக்காற்று. பேட்டரி தொடும் இடத்தில் பச்சையாகப் பூத்து, எண் தாறுமாறாக ஓடும் அல்லது திரை மங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காய்ந்த துணியால் துடையுங்கள். பட்டன் செல் போடும் மாடலைவிட மெல்லிய பென்சில் பேட்டரி போடும் மாடல் நல்லது. தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். பட்டன் செல்லைக் குழந்தைகள் விழுங்கிவிடும் ஆபத்தும் இல்லை.

இனி கொழுப்பு. பாதத்துக்கு அடியில் உள்ள உலோகப் பட்டைகள் வழியே மிகச் சிறிய மின்சாரம், ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக, ஒரு காலில் ஏறி இடுப்பு வழியாக மறு காலில் இறங்குகிறது. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர், கொழுப்பில் நீர் சொற்பம். நீர் மின்சாரத்தை விடும், கொழுப்பு தடுக்கும். மெஷின் அளப்பது இந்தத் தடை ஒன்றைத்தான். அதோடு நீங்கள் ஆப்பில் கொடுத்த உயரம், வயது, பாலினத்தைச் சேர்த்து உடலில் எவ்வளவு நீர் என்று கணிக்கிறது. அதை 0.73-ஆல் வகுத்தால் கொழுப்பில்லாத எடை. மொத்தத்தில் கழித்தால் மிச்சம் கொழுப்பு. ஆக, கொழுப்பை யாரும் அளக்கவில்லை. அதிலும் மின்சாரம் கால் வழியே போய்விடுகிறது, மேல்வயிற்றுப் பக்கம் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. நம்மில் பலருக்குச் சதை போடுவதோ அங்கேதான். ‘உள்ளுறுப்புக் கொழுப்பு 9’ என்று திரையில் வருவதை இந்த வெளிச்சத்தில் படியுங்கள். எலும்பு எடையும் உடல் வயதும் இதே கணக்கின் பேரப்பிள்ளைகள். சந்தேகமிருந்தால் ஆப்பில் வயதைப் பத்து கூட்டிப் போட்டு மறுபடி ஏறுங்கள். உடம்பு அதே உடம்புதான். பெரும்பாலான மாடல்களில் கொழுப்பு விழுக்காடு மாறிவிடும்.

பாதம் காய்ந்து வெடித்திருந்தால் தடை கூடி, கொழுப்பும் கூடத் தெரியும். ஈரத்துணியால் பாதத்தை ஒற்றிவிட்டு ஏறினால் நிலைப்படும். சொட்டும் ஈரக்காலோடு மட்டும் ஏறாதீர்கள், கண்ணாடி வழுக்கும். புதுவைக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்த கையோடு ஏறுவதும் வீண். இந்தப் புழுக்கத்தில் அரை கிலோ வியர்வையாகவே போயிருக்கும், ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

இந்த மெஷினை வாங்கியவர்கள் பத்து நாளில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்கு முக்கியக் காரணம் உப்பு. காராமணிக்குப்பம் சந்தையில் வாங்கிய கருவாட்டை இரவு குழம்பு வைத்துச் சாப்பிட்டால் காலையில் முக்கால் கிலோ ஏறியிருந்தாலும் வியக்க வேண்டாம். சலைன் பாட்டிலில் 1 லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புச் செறிவும் ஏறக்குறைய அதே. கூடுதலாக 4, 5 கிராம் உப்பு உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றும் வரை அரை லிட்டர் நீர் உடம்பில் தங்கும். ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும், ஒரே இரவில் அது நடக்காது. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறுவதும் இதே நீர்தான்.

இறக்கமும் இப்படியே ஏமாற்றும். சோற்றை நிறுத்தி நாலே நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்ததாகச் சொல்வார்கள். சோறு போன்ற மாவுச்சத்திலிருந்து வந்து கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு கரைந்தால் நீரும் போகிறது. ஐந்தாம் நாள் பிரியாணி சாப்பிட்டால் இரண்டும் வீடு திரும்பும்.

எனவே ஒற்றை நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. காலையில் கழிப்பறை போய்விட்டு, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் ஏறுங்கள். ஏழு நாளின் சராசரியை மட்டும் பாருங்கள். 74.2, 74.6, 73.9, 74.8, 74.1, 73.8, 74.0 என்றால் சராசரி 74.2. நடுவே 74.8-ஐப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அடுத்த வாரச் சராசரி 73.8 வந்தால் உண்மையாகவே குறைகிறது, அந்த வேகமே போதும். மூன்று, நான்கு வாரம் சராசரி நகரவில்லை என்றால் தட்டைப் பார்க்க வேண்டும். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தால் செலவு 250 கலோரி அளவில். 50 கிராம் வறுத்த முந்திரி அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். முந்திரி விளையும் கடலூர் மாவட்டத்தில் இதைச் சொன்னால் கோபம் வரும், என்றாலும் கணக்கு அதுதான்.

ஆப்பில் பச்சை நிறத்தில் ‘நார்மல்’ என்று வந்தால் உடனே நிம்மதியாகாதீர்கள். பல ஆப்களில் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண், 24.9 வரை பச்சை. இந்தியர்களுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே உடல் பருமன் என்று 2009-இல் மருத்துவர்கள் ஒருமித்து வரையறுத்தார்கள். அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகம் என்பதே காரணம். அமைப்புகளில் அளவுகோலை மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள்.

இத்தனை எண்களுக்கும் மேலாக வயிற்றைச் சரியாகச் சொல்வது தையல்காரர் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்க வேண்டிய நிலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

எடை மட்டும் காட்டும் மெஷினும் ஒரு டேப்பும் முதலில் வாங்குவோருக்கு என் பரிந்துரை. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குபவர்கள், தினமும் எண்ணைக் கையால் எழுதச் சோம்பல்படுபவர்கள் புளூடூத் மாடலுக்குப் போகலாம். ஆப் தானாகவே வரைபடம் போடுவது உண்மையிலேயே வசதி. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கொழுப்பு அளக்கும் மாடலில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் எடை மட்டும் காட்டுவதே ஏற்றது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பலகை 30 சென்டிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். ஓரத்தில் கால் வைத்தால் கண்ணாடி தூக்கிவிடும் என்பதால், கையெட்டும் தூரத்தில் சுவர் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.